ஸ்டென்ட் பொருத்திய பிறகு ஆயுள் எவ்வளவு? ஒரு மருத்துவரின் கேள்வி பதில்

இதய இரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்களும் அவர்களது குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ உங்களை நேரில் பார்க்கும் இதயநோய் மருத்துவரின் சொல்படி மட்டுமே நடக்க வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு மகன்): ஐயா, என் தந்தைக்கு வயது 62. சென்ற மாதம் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் பொருத்தினார்கள். ஸ்டென்ட்டுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அது உண்மையா?

பதில்: உண்மை இல்லை. ஸ்டென்ட் என்பது பேட்டரியைப் போல ஒரு நாள் தீர்ந்துபோகும் பொருள் அன்று. இன்று பொருத்தப்படுபவை பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலவையால் ஆன, மருந்து பூசிய மெல்லிய வலைக் குழல்கள். சில மாதங்களில் இரத்தக் குழாயின் உட்சவ்வு அந்தக் கம்பிகளின்மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதன்பின் அது குழாய்ச் சுவரின் ஒரு பகுதியாகவே இருந்துவிடும். துருப்பிடிப்பதும் இல்லை, இடம் நகர்வதும் இல்லை.

உங்கள் தந்தையாரின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு: மாரடைப்பின்போது இதயத் தசை எவ்வளவு பழுதானது, சர்க்கரை நோய் உண்டா, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது, புகைக்கிறாரா, கெட்ட கொழுப்பு எந்த அளவில் இருக்கிறது, மாத்திரைகளை விடாமல் எடுக்கிறாரா. மாரடைப்புக்குப் பின் முதல் மாதம்தான் ஆபத்து மிகுந்தது. முதல் ஓராண்டைக் கடந்தால் அது கணிசமாகக் குறைகிறது. இதயத் தசை நல்ல நிலையில் இருந்து, மற்றவற்றையும் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். இத்தனை ஆண்டு என்று ஒருவருக்கு எண்ணிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு மகள்): அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. ஸ்டென்ட் வைத்த மறுநாள் எடுத்த எக்கோவில் (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதம் என்று இருக்கிறது. நூற்றுக்கு 35தான் இருக்கிறது என்றால் மீதி இதயம் போய்விட்டதா?

பதில்: இல்லை அம்மா. நலமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55, 60 சதவீதம் இருந்தாலே அது இயல்பான அளவு. அதோடு, மாரடைப்பு வந்த சில நாட்களில் தசையின் ஒரு பகுதி செத்துப்போகாமல் வெறுமனே செயலற்று நிற்கும். இரத்த ஓட்டம் திரும்பியபின் அது வாரக்கணக்கில் மெல்ல விழித்துக்கொள்ளும். ஆகவே ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் இரண்டாவது எக்கோவே நம்பத்தக்கது. அப்போதும் 35க்கு மேல் ஏறாவிட்டால், திடீர் துடிப்புக் கோளாறைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி தேவையா என்று உங்கள் மருத்துவர் ஆலோசிப்பார். இதற்கிடையே அவர் எழுதித்தரும் இதயச் செயலிழப்பு மருந்துகள் உயிர் காப்பவை என்று உறுதிப்பட்டவை. இரத்த அழுத்தம் சற்றுக் குறைகிறது என்று நீங்களாகவே அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (கோவையிலிருந்து, 55 வயது): எனக்கு மாரடைப்பு வந்ததில்லை. வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கம் வரும். ஆஞ்சியோகிராமில் (இரத்தக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் ஆயுள் கூடுமா?

பதில்: இந்தக் கேள்வியைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டது மிகவும் நல்லது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. அதில் ஐயமே இல்லை. ஆனால் உங்களுடையதைப் போன்ற நிலையான நோயில் கதை வேறு. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டையோ பைபாஸையோ உடனே சேர்ப்பதால் இறப்பு குறைவதில்லை என்றே காட்டின. நெஞ்சு இறுக்கம் மட்டும் நன்றாகக் குறைந்தது. எனவே மருந்து எடுத்தும் வலி தணியாமல் உங்கள் அன்றாட வாழ்வு முடங்கினால் ஸ்டென்ட் தக்க வழி. ஆயுளுக்காக மட்டும் என்றால் அவசரம் இல்லை. இதயத்தின் இடப்பக்கத்துக்கு இரத்தம் தரும் இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இதயத் திறன் மிகவும் குறைந்தவர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து): ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் இரண்டு மாத்திரைகளையும் ஒரு வாரம் நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. கம்பிகளின் மேல் உட்சவ்வு முழுமையாக மூடாத மாதங்களில் இவற்றை நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் திடீரென்று உறைந்து, முழு அளவிலான மாரடைப்பாகவே வந்து நிற்கலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் உயிரிழப்பு மிக அதிகம். பல் பிடுங்கிய இடத்தில் வரும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். பல் மருத்துவரும் இதயநோய் மருத்துவரும் ஒருமுறை பேசிக்கொண்டாலே போதும். பொதுவாக மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு மாத்திரைகளும் ஓராண்டுக்கும், அதன்பின் ஏதேனும் ஒன்று தொடர்ந்தும் தரப்படும். இரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்களுக்குக் காலத்தைச் சுருக்குவதும் உண்டு.

இதில் வேண்டுமென்று நிறுத்துபவர்களைவிட, அறியாமலே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். புறநோயாளர் பிரிவில் ஒருவர் தம் மஞ்சள் பையைக் கவிழ்ப்பார். இரண்டு கம்பெனிப் பெயர்களில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஒரே கொழுப்பு மாத்திரையின் இரண்டு அட்டைகள் விழும், இரத்தம் உறையாமலிருக்கும் குளோபிடோக்ரெல் ஒன்றுகூட இருக்காது. கடையில் மாற்றித் தந்ததை அவர் அறிந்திருக்கவே மாட்டார். மாத்திரை வாங்கும்போதெல்லாம் அட்டையின் பின்புறம் உள்ள மருந்தின் மூலப்பெயரை மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து): கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 92 வந்திருக்கிறது. பரிசோதனைச் சீட்டில் 100க்குக் கீழ் இயல்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: அந்த 100 உங்களுக்கான அளவு அன்று. ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 55க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கலாம், அல்லது எசெட்டிமைப் என்ற மற்றொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். ஸ்டென்ட் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் காவல். மற்ற எல்லா இடங்களுக்கும் காவல் இந்த மாத்திரைதான்.

கேள்வி (விழுப்புரத்திலிருந்து): முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். விலை குறைந்த ஸ்டென்ட் என்பதால் ஆயுள் குறையுமா?

பதில்: குறையாது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. அதற்கு முன் அதே பொருள் ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்றது. இறங்கியது விலைதான், தரம் அன்று. சூரத் நிறுவனம் ஒன்றின் ஸ்டென்ட்டைப் புகழ்பெற்ற வெளிநாட்டு ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டு ஐரோப்பாவில் நடந்த டேலன்ட் ஆய்வில், ஓராண்டு முடிவில் அது சளைத்ததாக இல்லை.

கேள்வி (அதே அன்பர்): சரக்கு வண்டி ஓட்டுகிறேன். பீடியை நாளுக்கு இரண்டாகக் குறைத்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது, ஐயா. முழுவதும் விட்டுவிடுங்கள். இதய நோய் வந்தபின் புகையை அடியோடு விடுபவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு பயன் தரும் மாத்திரைகள் சிலவே, அவையும் காசு கொடுத்தால்தான் கிடைக்கும். கனரக வண்டி ஓட்டத் தொடங்குமுன் மருத்துவரின் ஒப்புதல் பெறுங்கள்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஸ்டென்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மனைவி): என் கணவருக்கு மீண்டும் அடைப்பு வருமோ என்ற பயத்தில் இரவில் தூக்கமே இல்லை. வந்தால் என்ன செய்வது?

பதில்: மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்களில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ அதே இடம் மீண்டும் சுருங்கியது, இன்றைய ஸ்டென்ட்களில் அது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. அது பெரும்பாலும் மெல்லச் சுருங்குவதால், முன்போல நடக்கும்போது நெஞ்சு இறுக்கமாக வெளிப்படும். மறுபடி சிகிச்சை செய்யவும் முடியும். உங்கள் பயம் இயல்பானது. ஆனால் அவரோ நீங்களோ வாரக்கணக்கில் தூங்காமல் சோர்ந்துபோனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வும் பின்விளைவுகளை மோசமாக்குகிறது.

ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு இறுகினால், அல்லது காரணமின்றி வியர்த்து மூச்சு வாங்கினால், வாயு என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். மருத்துவர் சார்பிட்ரேட் என்ற நெஞ்சு வலி மாத்திரையை எழுதித் தந்திருந்தால், நோயாளியை உட்காரவைத்து ஒன்றை நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் குழாயில், எந்தத் தேதியில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பது இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும்.