கதையே வேண்டாம் என்கிற பையன்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, குழந்தைகளின் புத்தகங்கள் பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. டைனோசர், கோள்கள், எரிமலை, இவற்றைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கதைப் புத்தகம் கொடுத்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறான். கதை படிக்காத பிள்ளைக்குக் கற்பனை வளராது என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எப்படி அவனைக் கதைப் பக்கம் திருப்புவது?

பதில்: உங்கள் மகன் நன்றாகப் படிக்கிற பிள்ளை. அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள், ஏனென்றால் "இவன் புத்தகமே படிப்பதில்லை" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதை அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். நாம்தான் வாசிப்பு என்றால் கதை வாசிப்பு, மற்றதெல்லாம் பாடம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கென்று அச்சான முதல் படப் புத்தகம் என்று பலரும் சொல்வது கொமேனியஸ் என்ற கல்வியாளர் எழுதியது. 1658-இல் நியூரம்பெர்க் நகரில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் வெளிவந்தது. அதில் இருப்பது கதை இல்லை. வானம், நெருப்பு, பறவைகள், தொழில்கள் என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் படம் போட்டுப் பெயர் சொல்லும் புத்தகம் அது. உங்கள் மகனுக்குக் கொடுத்திருந்தால் கீழே வைத்திருக்க மாட்டான்.

கற்பனை பற்றியும் கவலைப்படாதீர்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த நாளை, ஒரு பல்லையும் நான்கு எலும்புத் துண்டுகளையும் வைத்துக்கொண்டு மனதுக்குள் கட்டி எழுப்புகிறவனுக்குக் கற்பனை இல்லை என்று யார் சொன்னது?

ஆனாலும் கதை கொடுக்கிற ஒன்று தகவல் புத்தகத்தில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் மனதுக்குள் போய் உட்கார்ந்து, அவர் பயப்படும்போது தானும் பயந்து, அவர் தப்பு செய்யும்போது "ஐயோ, வேண்டாம்" என்று பதறுகிற அந்த அனுபவம் கதையில்தான் இருக்கிறது. அது அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்கு அவனுடைய டைனோசரைப் பிடுங்க வேண்டியதில்லை, அந்த வழியாகவே போகலாம். வாழ்க்கை வரலாறு நல்ல பாலம். மேரி ஆனிங் என்ற இங்கிலாந்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஏழைக் குடும்பம், கடற்கரைப் பாறைகளில் புதைபடிவங்களைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்தவர்கள். 1811-இல் அவளுடைய அண்ணன் ஒரு விசித்திரமான மண்டை ஓட்டைக் கண்டெடுத்தான். கொஞ்ச மாதங்கள் கழித்து மீதி எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தவள் மேரி. வயது ஏறக்குறைய பன்னிரண்டு. அது இக்தியோசர். அதை டைனோசர் என்று நீங்கள் சொல்லிவிட்டால் "இல்லம்மா, அது கடலில் வாழ்ந்த ஊர்வன" என்று அவனே திருத்துவான், திருத்தட்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை அவன் பிடித்திருப்பது எலும்புக்காகவா, மண்சரிவு விழுகிற பாறைக்குக் கீழே தனியாக நிற்கும் அந்தச் சிறுமிக்காகவா என்பது பாதி தூரம் போனதும் அவனுக்கே தெரியாது. அங்கிருந்து கடல் பயணக் கதை, தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை, துப்பறியும் கதை எல்லாம் ரொம்ப தூரத்தில் இல்லை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அவன் கையில் கதையைக் கொடுக்காமல், தூங்கும் முன் நீங்களே வாசியுங்கள். முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்" என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த நாள் அவன் டைனோசர் புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான்.

கேள்வி: குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகங்கள் எல்லாமே பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் நல்லது எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அட்டையைப் பார்க்காதீர்கள், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். ஆக்டோபஸ் பக்கம் கிடைத்தால் ரொம்ப வசதி. பல புத்தகங்களில் "ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்! இரத்தம் நீல நிறம்!" என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு முடிந்துவிடும். குழந்தை "ஓ" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடும். நல்ல புத்தகம் அங்கே நிற்கும். இரண்டு இதயங்கள் இரத்தத்தைச் செவுள்களுக்குத் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது, ஆக்டோபஸ் நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடுகிறது, அதனால் நீந்தினால் அதற்குச் சீக்கிரம் களைப்பு வந்துவிடும், முடிந்தவரை தரையில் தவழ்ந்தே போகும் என்று அது சொல்லும். இரத்தம் ஏன் நீலம்? நம் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அதில் தாமிரம் செய்கிறது. ஒருமுறை நான் இந்த இடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, "நான் ஓடும்போது என்னுடையது நிற்காது, வேகமாக அடிக்கும்" என்றாள். தகவலைத் தன் உடம்போடு ஒட்டிப் பார்க்கும் அந்த இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகாத புத்தகம், எவ்வளவு பளபளப்பான தாளில் இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

அப்புறம் அச்சான ஆண்டைப் பாருங்கள். கதை பழையதானால் ஒன்றும் கெட்டுவிடாது, தகவல் கெட்டுப்போகும். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று போட்டிருந்தால் அது 2006-க்கு முந்தைய புத்தகம், அல்லது பழையதைப் பார்த்துக் காப்பியடித்தது. அந்த ஆண்டுதான் புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையில் சேர்த்தார்கள். வெலோசிராப்டர் என்ற டைனோசரைப் பல்லி மாதிரி செதில் தோலோடு வரைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். அதன் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த புடைப்புகளை 2007-இல் கண்டுபிடித்துவிட்டார்கள், ஏறக்குறைய வான்கோழி அளவுள்ள இறகு வைத்த விலங்கு அது. சனியின் துணைக்கோள்களை எண்ணிச் சொல்லும் புத்தகம் எதுவும் அநேகமாகப் பழசாகியிருக்கும், 2025-இல் ஒரேயடியாக 128 புதியவற்றைச் சேர்த்து 274 ஆக்கியிருக்கிறார்கள். இதனால் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தையிடம் காட்டுங்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வதை இதைவிட நன்றாக எந்தப் பாடமும் காட்டாது.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது, நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைக்கும், வௌவாலுக்குக் கண் தெரியாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். திமிலில் இருப்பது கொழுப்பு. மற்ற இரண்டும் வெறும் கட்டுக்கதை.

கடைசியாக, பின்பக்கம் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல், இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய சுதந்திரம். முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் தனக்கு வேண்டியதை நேராகத் தேடிப் போகலாம் என்று தெரிந்துகொள்கிற பிள்ளை, பிறகு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காது.

கேள்வி: நாலு வயது மகள் மூன்று வாரமாக ஒரே புத்தகத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறாள். ஒரு வார்த்தை மாற்றினால் கோபம் வருகிறது. புதுப் புத்தகம் எதையும் ஏற்பதில்லை.

பதில்: வாசியுங்கள். உங்களுக்கு அலுப்பாக இருக்கும், தெரியும். அவளுக்கு ஒவ்வொரு முறையும் அது வேறு வாசிப்பு. முதலில் கதை என்ன ஆகும் என்று பார்த்தாள், இப்போது படத்தின் மூலையில் இருக்கும் எலியைப் பார்க்கிறாள், அடுத்த வாரம் வாக்கியத்தின் ஓசையைப் பிடித்துக்கொள்வாள். 2011-இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, அதே எண்ணிக்கையில் அதே சொற்களை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தையை மாற்றியதும் கோபப்படுகிறாள் என்றால், அந்தப் புத்தகம் முழுவதும் அவள் மனதில் இருக்கிறது என்றுதானே பொருள்! அடுத்த முறை வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திப் பாருங்கள், அவளே முடித்து வைப்பாள்.

கேள்வி: ஏழு வயது மகன் ஒரு கதையில் நாய் செத்துப்போனதற்கு அழுது தீர்த்துவிட்டான். இப்படிப்பட்ட புத்தகங்களைத் தவிர்க்கலாமா? முடிவை மாற்றிச் சொல்லலாமா?

பதில்: முடிவை மாற்றாதீர்கள். இன்று மாற்றினால் என்றாவது அவனே வாசிப்பான், அன்று நாய்க்காக மட்டும் அழ மாட்டான், நீங்கள் சொன்னதை இனி நம்பலாமா என்றும் யோசிப்பான்.

இதே போல் அழுத ஒரு பையனை எனக்குத் தெரியும். புத்தகத்தைச் சட்டென்று மூடினான், கொஞ்ச நேரம் அப்படியே மடியில் வைத்திருந்தான். பிறகு திறந்து, பின்னால் போய், அந்த நாய் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போடும் பக்கத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் இரண்டு முறை வாசித்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இழந்ததை நினைவில் எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனாகவே கண்டுபிடித்தான். பக்கத்தில் உட்காருங்கள், அழட்டும், "இது வெறும் கதைதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தவிர்க்க வேண்டிய புத்தகங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அழவைப்பதற்காகவே சாவை நுழைத்துவிட்டு, அதன்பின் மிச்சமிருக்கும் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காத கதைகளை நான் கொடுப்பதில்லை. அதே போல வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், எப்போது வாசிப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகள் எதை வாசித்தாலும் "இது உண்மையா?" என்கிறாள். என்ன சொல்வது?

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். "இல்லை, ஒருவர் யோசித்து எழுதினது" என்று சொன்னால் கதையின் சுவை குறையாது, அடுத்த பக்கத்தை அவள் அதே ஆவலோடுதான் கேட்பாள். குழப்பம் வருவது இரண்டும் கலந்த புத்தகங்களில்தான். தொப்பி போட்ட பென்குவின் ஒன்று பேசிக்கொண்டே அண்டார்க்டிகாவைப் பற்றிச் சொல்லும். அதில் பென்குவின் குஞ்சு அப்பாவின் கால் மேல் நிற்பது நிஜம், தொப்பி பொய். பேரரசப் பென்குவினில் முட்டையைக் காலில் வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் அடைகாப்பது அப்பாதான், ஆறு வயதுக் குழந்தைக்கு இதுவும் தொப்பி மாதிரிக் கட்டுக்கதையாகத்தான் தோன்றும்! எது நிஜம், எது கற்பனை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு கொடுத்திருக்கும் புத்தகமாகப் பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் இருவரும் சேர்ந்து பக்கம் பக்கமாகப் பிரித்துப் பாருங்கள், அதுவே நல்ல விளையாட்டு.

கேள்வி: பத்து வயதில் இன்னும் படக்கதைதான் படிக்கிறாள். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவளேதான் ஊகித்துக்கொள்கிறாள், அது சின்ன வேலை இல்லை.

கேள்வி: பேரக்குழந்தைகளுக்காகச் சின்னப் படப் புத்தகம் எழுத ஆசை. எத்தனை பக்கம், எவ்வளவு சொற்கள்?

பதில்: உலகம் முழுவதும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின் மடங்குகளில் வருவதுதான் காரணம். தலைப்பு, வெளியீட்டு விவரம் போன்றவற்றுக்குப் போக உங்கள் கதைக்குப் பன்னிரண்டு பதினான்கு விரிப்புகள் மிஞ்சும் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிப்பு). சொற்களைப் பொறுத்தவரை, டாக்டர் சூஸ் என்ற அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் 1960-இல் வெறும் 50 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார், இவ்வளவில் உன்னால் முடியாது என்று பதிப்பாளர் கட்டிய பந்தயத்துக்காக. நீங்கள் அவ்வளவு இறுக்க வேண்டாம். படம் சொல்லப்போவதை எழுத்திலும் சொல்லியிருந்தால் அடித்துவிடுங்கள். பாட்டி சிவப்புப் புடவையில் கதவருகே நின்றாள் என்று எழுதினால், ஓவியர் வரைய என்ன இருக்கிறது? அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதை எழுதுங்கள். முடித்ததும் எட்டுத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, 32 பக்கம் எண் போட்டு, பென்சிலால் எழுதி, பேரப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தைத் திருப்ப அவன் கை எங்கே அவசரப்படுகிறது, எங்கே ஜன்னலைப் பார்க்கிறான் என்று கவனித்து, ஜன்னலைப் பார்த்த பக்கங்களை மறுபடி எழுதுங்கள்.