தீமிதிக்குக் காலையிலேயே போய்விடுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. என் கணவர் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அந்த மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் பிள்ளைகளோடு போகிறோம். நான் கோலாலம்பூரில் வளர்ந்தவள், தீமிதியை நேரில் பார்த்ததில்லை. மாலை 5 மணிக்கு இறங்குவார்களாம். எத்தனை மணிக்குப் போனால் நல்ல இடம் கிடைக்கும்? என் கொழுந்தனார் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) உண்டு. அதுதான் மனசு அடித்துக்கொள்கிறது.
— ஒரு வாசகி, ஷா ஆலம்

பதில்: தங்கச்சி, 5 மணிக்குப் போனால் ஆட்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். காலையிலேயே போய்விடுங்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்திலிருந்து தீமிதி பார்த்து வருகிறேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நெருப்பை ஆக்கி எடுக்கிற பாடுதான்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் பழைய பால்மரத்துக் கட்டை, ரப்பர் மரம்தான். ஆளுயரம் அடுக்கி, கற்பூரம் ஏற்றிப் பூசாரி தீ வைப்பார். மத்தியானத்துக்கு மேல் அது சரிந்து கங்காகும். பிறகுதான் வேலையே. நீளக் கம்புகளால் அடித்து உடைத்து, முழுக்கட்டை ஒன்றுகூட இல்லாமல், வாரியால் குழி நெடுக ஒரே மட்டமாக இழுத்துவிட வேண்டும். வாரி பிடிக்கிற பையன்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். குழி ஓரம் போனதுமே சாக்கிலிருந்து ஆவி கிளம்பும். நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பின்வாங்குவான் ஒருவன், அடுத்தவன் வாரியை வாங்குவான், பின்னால் நிற்பவன் முதுகில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவான். இந்தப் பையன்களில் பலர் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வேலை செய்கிறவர்கள். திருவிழாவுக்கென்று லீவு போட்டு வந்திருப்பார்கள்.

சுங்கை சிப்புட் என்றாலே அமைச்சராக இருந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், அவர் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கி, பால்மரம் சீவிய ஜனங்களே தோட்டத்தை வாங்க வழி பார்த்தார். எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஜனங்கள் தாமான்களுக்கு, அதாவது டவுன் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு, சிதறினார்கள். பல இடங்களில் கோயில் மட்டும்தான் மிச்சம். உங்கள் பிள்ளைகள் அப்பாவின் ஊரைப் பார்க்க வேண்டுமானால், அந்த ஊர் மறுபடி கூடுகிற பொழுது இதுதான். வீட்டுக்காரரைத் தண்ணீர் வாளி தூக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

மாலையில் உருமி மேளத்தோடு சக்தி கரகம் வரும். குழியில் முதலில் இறங்குவது கரகம்தான். அதன் பின்னால் காப்புக் கட்டியவர்கள் வரிசையாக இறங்குவார்கள். குழி முடிகிற இடத்தில் பால்குழி இருக்கும், அதில் கால் நனைத்துத்தான் வெளியே வருவார்கள். வரிசை முடிவதற்குள் அந்தப் பால் சாம்பல் நிறமாகிவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நிற்காதீர்கள், புகையில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். வேண்டுதல் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழியில் இறங்குகிறவர்களும் உண்டு. யார் சொன்னாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

கொழுந்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் இறங்கவே கூடாது. நாள்பட்ட இனிப்புநீர் பாதத்து நரம்பைக் கெடுத்துவிடும். சுடுவது தெரியாது, தெரியாததால் கால் தன்னால் வேகமெடுக்காது. பட்ட புண்ணும் லேசில் ஆறாது. சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்து விரலை எடுக்கிற வரைக்கும் போனதைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். பதிலுக்குப் பால்குடம் எடுக்கட்டும் என்றும் சொல்லிவிடாதீர்கள். திருவிழா நாட்களில் என்னிடம் கால் வெந்து வந்தவர்களில் அதிகம் பேர் பட்டப்பகலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள்தான். கோயில் தலைவரிடம் பேசிக் கட்டை உபயத்தை அவர் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். அத்தனை பேர் வேண்டுதலும் அவர் கொடுத்த கட்டையில் எரிகிற நெருப்பில்தான் நிறைவேறும். அம்மனுக்கு அது குறைந்த காணிக்கை ஆகாது. பூசாரியே எடுத்துச் சொன்னால் அவரும் தட்டமாட்டார்.

கேள்வி: ஐயா, கால் வேகாமல் இருப்பது பக்தியாலா, அறிவியலாலா? வகுப்பில் இதைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது.
— இடைநிலைப்பள்ளி மாணவன், தாப்பா

பதில்: தம்பி, மரக்கரி தன் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிகிற சாம்பல் அதை இன்னும் தடுக்கும். ஒரு பாதம் ஒரு விநாடிகூட அதில் தங்குவதில்லை. சூடான ஓவனுக்குள் காற்றும் இரும்புத் தட்டும் ஒரே சூட்டில் இருந்தாலும், காற்றுக்குள் கை நீட்டலாம், தட்டைத் தொட முடியாது, இல்லையா? 1935இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்பவரை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். கங்கின் மேற்பரப்பு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல். அவர் கால் வேகவில்லை. ஆணி அடித்த பழைய பலகையைக் கட்டையோடு சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பதற்கும் காரணம் இதுதான். இரும்பு சூட்டைச் சட்டென்று காலுக்குள் இறக்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சீராக நடக்கிறவனுக்குத்தான். பயந்து ஓடினால் பாதம் கங்குக்குள் புதையும், தயங்கி நின்றால் வெந்துவிடும். விரதம் இருந்து, அம்மன் மேல் பாரத்தைப் போட்டு இறங்குகிறவனுக்குப் பதற்றம் இருக்காது, நடை மாறாது. அதனால் சண்டை போட்ட இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

அப்படியும் யாருக்காவது பட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காலைக் காட்டச் சொல். பற்பசை, மஞ்சள், விபூதி, ஐஸ் எதையும் வைக்க விடாதே. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போ.