வயதான நாய்க்குப் புற்றுக்கட்டி, மூலிகை வைத்தியம் பார்க்கலாமா?

"வயதான நாய்க்குக் கட்டி, மூலிகையில் குணமாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பயப்படுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அதற்குத்தான் பயந்தேன்.

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். எட்டுப் பங்கு உள்ள பெரிய வீட்டில் அப்பத்தாவும் நானும் மட்டும் குடியிருக்கிறோம். காவலுக்குச் செவலை இருந்தாள். நாட்டு நாய்தான். முகப்பில் யாராவது செருப்பைக் கழற்றினால் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்திலிருந்து அவள் குரல் வரும். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, வயிற்றைச் சொறிந்து கொடுத்த என் விரலில் கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, ஊசியால் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பலாம், சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார். பெண் நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதுவானவை, மீதிதான் புற்று என்றும், 3 சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் எடுப்பது நல்லது என்றும் பொறுமையாகச் சொன்னார். அப்பத்தாதான், "இந்த வயசுல அதுக்குக் கத்தி வேணாம் ஆத்தா" என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு வைத்தியரிடம் போனோம். அமுக்கரா, சீந்தில், மஞ்சள், மிளகு சேர்த்த சூரணம், நெய்யில் குழைத்து இருவேளை. அப்பத்தா எழுபத்தெட்டு வயதில் அதைச் சலித்து, உருண்டை பிடித்து, வளவு முற்றத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்கள். செவலை நெய்யை மட்டும் நக்கிக்கொண்டு பொடியை ஆத்தங்குடிக் கல் தரையில் துப்பிவிடுவாள். அப்பத்தா அதைச் சுரண்டி எடுத்து மறுபடி உருட்டுவார்கள். நெய் உள்ளே போனதும் உடம்பு மினுமினுத்தது, பசியும் எடுத்தது. மருந்து கேட்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தில் கட்டியை அளந்து பார்க்கவே இல்லை. மூன்று மாதத்தில் எலுமிச்சையைத் தாண்டி, பழுத்து உடைந்தது. ஈ மொய்க்காமல் இருக்க ராத்திரியெல்லாம் பழைய வேட்டியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், புற்று அங்கேயும் பரவியிருந்தது. இனி ஆபரேஷனால் பயனில்லை என்று வலி மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து வாரம் இருந்தாள்.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் முழங்கால் வலிக்கு இன்றும் தைலம்தான். சூரணம் செவலையைக் கொன்றது என்றும் சொல்லவில்லை. முதலிலேயே கத்தி வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சத்தியமும் பண்ண மாட்டேன். அது என்ன கட்டி என்று தெரிந்துகொள்ளாமலே மருந்து கொடுத்தேன். அந்த மூன்று மாதம்தான் எனக்கு ஆறவில்லை.

மூலிகைக்குச் சக்தி இல்லை என்று எப்படிச் சொல்வது? வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி மருந்தே நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் ஒட்டுக்கட்டிக்கு அதைத்தான் போடுகிறார்கள், பெரும்பாலும் கேட்கிறது. ஆனால் அதை எடைபோட்டு, ரத்த அணுக்களைப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார் என்று இலையைக் கொதிக்கவைத்து ஊற்றிவிடாதீர்கள், அது விஷம். சேராங்கொட்டையும் அப்படித்தான். சலவைத்துணியில் அழியாத குறி போட்ட கொட்டை அது, அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கு வந்த பங்காளிகள், "தெருநாய்க்கா இத்தனை செலவு?" என்று கேட்டார்கள். மேல்மாடி ஓடு உடைந்து மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது, ஆளுக்கு ஒரு பங்கு அனுப்புங்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நிலைக்கதவு தேக்கு என்ன விலை போகும் என்று மட்டும் விசாரிக்கத் தெரிகிறது. அந்தக் கதவைப் பதினோரு வருஷம் காத்தவள் அவள்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரமே கட்டியை ஊசியால் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்புங்கள், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏற்கெனவே மூலிகை கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாதுக்கட்டி என்றோ, கைமீறிவிட்டது என்றோ தெரிந்தபிறகு நெய் உருண்டை ஊட்டுவதென்றால், அவரைக் கேட்டுக்கொண்டு ஊட்டுங்கள். வீட்டில் பெண் நாய்க்குட்டி வேறு இருந்தால் முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்யலாமா என்றும் கேளுங்கள். அப்படிச் செய்தவைகளுக்கு மடிக்கட்டி வருவது மிக அரிது. செவலைக்கு அதை நான் செய்யவில்லை.

கட்டி எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, சோதனையில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.