பங்கை மூடும் ஆணையும் பங்கு மக்களின் உரிமையும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் (பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள திருஅவைப் பகுதி) 2004-ஆம் ஆண்டு மே மாதம் 65 பங்குகளை (ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்களை) மூடப்போவதாக அறிவித்ததையும், அதைத் தொடர்ந்து பங்கு மக்கள் சிலர் ஆலயங்களுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அமர்ந்ததையும் குறித்து வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தனர். கத்தோலிக்கத் திருஅவை தனக்கென வைத்திருக்கும் திருஅவைச் சட்டத்தைப் படித்தவன் என்ற முறையில், அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பாலியல் வழக்குகளின் இழப்பீட்டுக்குப் பணம் திரட்டத்தான் அத்தனை பங்குகளையும் மூடினார்கள் என்கிறார்களே, உண்மையா?

அந்த உயர்மறைமாவட்டத்தின் தலைவராக அப்போதிருந்த பேராயர் ஷான் ஓமாலி அதை மறுத்தார். குருக்கள் பற்றாக்குறை, திருப்பலிக்கு வருவோர் குறைந்தது, பழுதடைந்த கட்டடங்கள், பணமுடை ஆகியவற்றையே அவர் காரணங்களாகச் சொன்னார். 2003-இல் ஒப்புக்கொண்ட எட்டரைக் கோடி டாலர் இழப்பீட்டுக்காக, பிரைட்டன் பகுதியில் பேராயர் இல்லம் இருந்த நிலமே பாஸ்டன் கல்லூரிக்கு விற்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் மக்கள் ஏன் நம்பவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். பாலியல் குற்றம் செய்த குருக்களைப் பங்கு பங்காக மாற்றி அனுப்பியே பல ஆண்டுகள் காலம் கடத்தப்பட்டது என்பதை 2002 ஜனவரியில் ஒரு நாளிதழ்தான் வெளிக்கொணர்ந்தது. ஓமாலிக்கு முன் பாஸ்டன் பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்டு லா, அந்த ஆண்டு டிசம்பரில் தம் குருக்களிலேயே 58 பேர் பதவி விலகுமாறு கையெழுத்திட்டுக் கடிதம் எழுதிய பிறகுதான் விலகினார். அந்தப் புண் ஆறுவதற்குள், இரண்டாண்டுகூட முடியாத நிலையில், ஆலயத்தைப் பூட்டுகிறோம் என்று சொன்னால், எந்தக் காரணத்தைக் காட்டினாலும் அது சாக்காகவே மக்கள் காதில் விழும்.

கேள்வி: சிச்சுவேட் என்ற ஊரில் பதினொரு ஆண்டு ஆலயத்திலேயே தங்கினார்களாமே? கடைசியில் ஜெயித்தார்களா?

தோற்றார்கள். புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினி ஆலயம் கடலோர ஊரான சிச்சுவேட்டில், சுமார் 30 ஏக்கர் நிலத்தில் இருந்தது. 2004 அக்டோபரில் ஆலயம் பூட்டப்பட்டபோது ஒரு பக்கக் கதவு மட்டும் பூட்டாமல் விடப்பட்டிருந்தது. அதன் வழியாக உள்ளே போனவர்கள், ஒரு மணி நேரம்கூட ஆலயம் ஆளில்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காகப் பெயர்ப்பட்டியல் போட்டு, முறைவைத்து இரவும் பகலும் காத்தார்கள். குரு இல்லாததால் ஞாயிறு வழிபாட்டைப் பொதுநிலையினரே (குருக்கள் அல்லாத சாதாரண மக்களே) நடத்தினார்கள். உரோமையில், அதாவது வத்திக்கானில், செய்த முறையீடுகள் தள்ளுபடியாயின. அத்துமீறி நுழைந்ததாக உயர்மறைமாவட்டம் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு எதிராகவே வந்தது. 2016 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததும், முன்னரே வாக்களித்திருந்தபடி அமைதியாக வெளியேறினார்கள்.

ஆனால், அமர்ந்தவர்கள் எல்லாரும் தோற்கவில்லை. வெய்மவுத்தில் இருந்த பெரிய ஆல்பர்ட் ஆலயத்து மக்கள் இதே வழியில் அமர்ந்தபோது, 2005-இல் பேராயரே தம் முடிவை மாற்றி அந்தப் பங்கைத் திரும்பத் திறந்தார்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் மக்கள் காசு போட்டுக் கட்டிய கோயில், எப்படி ஆயருடைய சொத்தாகும்?

இதற்கு இரண்டு சட்டங்களையும் தனித்தனியே பார்க்கவேண்டும். திருஅவைச் சட்டத்தின்படி பங்கு என்பதே ஒரு சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கக்கூடிய அமைப்பு. அதன் சொத்து அதற்கே உரியது, மறைமாவட்டத் தலைவரான ஆயர் மேற்பார்வையாளர் மட்டுமே. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாஸ்டன் பேராயர் என்ற பதவியே தனியொரு நிறுவனமாகி, பத்திரங்கள் அதன் பெயரில்தான் உள்ளன. நாட்டு நீதிமன்றம் பத்திரத்தில் உள்ள பெயரைத்தான் பார்க்கும்.

இதன் மறுபக்கத்தை செயின்ட் லூயிஸ் நகரப் போலந்துப் பங்கான புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்காவில் காணலாம். அங்கே 1891-இலேயே சொத்து பொதுநிலையினர் குழு ஒன்றின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. அதை ஒப்படைக்க மறுத்த குழுவினரையும், குழுவின் அழைப்பை ஏற்று வந்த குருவையும் 2005 டிசம்பரில் பேராயர் ரேமண்ட் பர்க் திருஅவை ஒன்றிப்பிலிருந்து விலக்கினார். 2012-இல் நீதிமன்றம் சொத்து குழுவினுடையதே என்றது. கட்டடம் கையில் நின்றது, திருஅவையோடிருந்த ஒன்றிப்புப் போயிற்று. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: உரோமை எப்போதாவது ஆயருக்கு எதிராக, மக்கள் பக்கம் தீர்ப்பளித்ததுண்டா?

உண்டு. 2012 மார்ச்சில் கிளீவ்லாந்து ஆயர் ரிச்சர்டு லெனன் மூடிய 13 பங்குகளின் ஆணைகளை வத்திக்கானின் அருள்பணியாளர் பேராயம் ரத்துசெய்தது. ஆயருக்கு ஆலோசனை கூறும் குருக்கள் மன்றத்தின் கருத்தை முறையாகக் கேட்கவில்லை, ஆணையை முறைப்படி வெளியிடவில்லை என்பவையே குறைகள். இதே லெனன்தான் பாஸ்டனில் துணை ஆயராக இருந்தபோது அங்கே பங்குகளை மூடும் பணியை முன்னின்று நடத்தியவர் என்பது வேடிக்கை.

மக்கள் கண்ணீரோடு எழுதிய மனுக்களைவிட, நடைமுறை பிசகிய இடத்தைச் சுட்டிக்காட்டிய மனுக்களே எடுபட்டன. திருஅவைச் சட்டத்தின் 515-ஆம் பிரிவு, பங்கை ஒடுக்குமுன் (கலைக்குமுன்) ஆயர் குருக்கள் மன்றத்தைக் கலந்தாலோசிக்கக் கட்டாயப்படுத்துகிறது. 1222-ஆம் பிரிவின்படி, ஆலயத்தை வழிபாடல்லாத பயனுக்கு விட அதற்கென்றே தனிக் காரணம் வேண்டும். பங்கை இணைப்பது வேறு, ஆலயத்தை மூடுவது வேறு. குருக்கள் பற்றாக்குறையோ மறைமாவட்டத்தின் பொதுவான நிதிநிலையோ மட்டும் ஒரு பங்கை ஒடுக்கப் போதுமான காரணமல்ல என்று 2020-இல் வந்த வத்திக்கான் அறிவுரையும் சொல்கிறது.

கேள்வி: சகோதரரே, பங்குக் கணக்கைக் கேட்டால், 'அது உங்கள் வேலையல்ல' என்கிறார் எங்கள் பங்குத்தந்தை.

அவர் சொல்வது தவறு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாகவேண்டும் என்கிறது 537-ஆம் பிரிவு. மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது 1287. பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு, முடிவெடுக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேரவைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக் கேட்டுச் சண்டையிடுவதைவிட, கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுவது பயன் தரும்.

கேள்வி: எங்கள் பங்கை அடுத்த பங்கோடு இணைக்கப்போவதாகப் பேச்சு. நாங்கள் இப்போது என்ன செய்யவேண்டும்?

நீங்கள் இலத்தீன் முறைமையினர் என்றால் பாஸ்டனில் பொருந்திய அதே சட்டமே உங்களுக்கும் பொருந்தும். கீழைத் திருஅவைகளுள் ஒன்றான சீரோ மலபார் முறைமையினருக்கு 1990-இல் வந்த கீழைத் திருஅவைகளின் சட்டத்தொகுப்பு உண்டு. பேச்சு நிலையில் இருக்கும்போதே, 212-ஆம் பிரிவு தரும் உரிமையின்படி, உங்கள் கருத்தை மரியாதையோடு ஆயருக்கு எழுதுங்கள்.

ஆணை வெளிவந்ததை அறிந்தபின் பத்து நாளுக்குள், அதைத் திரும்பப் பெறுமாறு ஆயருக்கே எழுத்தில் மனுச் செய்யவேண்டும். அந்த மனுவே ஆணையை நிறுத்திவைக்கக் கோரியதாகவும் கொள்ளப்படும். அவர் மறுத்தாலோ, முப்பது நாள் பதிலின்றிக் கழிந்தாலோ, அடுத்த பதினைந்து நாளுக்குள் உரோமைக்கு முறையிடலாம். ஊர்க்கூட்டம் போட்டு, யார் தலைமை தாங்குவது என்று பேசி முடிப்பதற்குள் அந்தப் பத்து நாள் ஓடிவிடும். இன்னொன்று: 'ஆலயப் பாதுகாப்புக் குழு' என்ற பெயரில் மனு அனுப்பாதீர்கள். திருஅவையின் ஏற்பு இல்லாத குழுவுக்கு முறையிடும் தகுதி கிடையாது. பங்கைச் சேர்ந்த ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே கையெழுத்திட்டு, தேதி குறித்து, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.