அம்முச்சிக்கு உதட்டுக் கொப்புளம், வீட்டில் 20 நாள் குழந்தை

உதட்டுக் கொப்புளத்தோட அம்முச்சி (அம்மாவோட அம்மா) குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை கொடுக்க வேண்டாங்க. கன்னத்தில் மட்டுமில்லை, கையிலும் வேண்டாம். அந்தக் கை அடுத்த நிமிஷம் குழந்தையோட வாய்க்குள்ள இருக்கும்.

சூட்டுக் கொப்புளம்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. உதட்டோரம் கொத்தா வர்றது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ். பெரியவங்களுக்குத் தானா ஆறிடும். முதல் 4 வாரக் குழந்தைக்கு மூளை, ஈரல்வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதே இடத்தில் முன்னாடியும் வந்துச்சா, வர்றதுக்கு முந்தின நாள் சுருசுருன்னு இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. ஆமான்னா அநேகமா அதுதான்.

"என்ற பேத்திக்கு நான் முத்தம் குடுக்கக்கூடாதா"ன்னு அவங்க கலங்கினது எனக்குப் புரியுது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கன்னத்தை வழிச்சு, தன் நெத்தியோரம் வெச்சு நெட்டி முறிக்கட்டும். படபடன்னு பத்து விரலும் சொடுக்கு விழும்போது அவங்க முகத்தைப் பாருங்க. அந்தப் பாசம் முத்தத்துக்குக் குறைஞ்சதில்லைங்க.

கொப்புளம் இல்லாதப்பவும் எச்சிலில் வைரஸ் இருக்கலாம், அதனால பார்க்க வர்ற சொந்தக்காரங்களுக்கும் முத்தம் வேண்டாம்னே சொல்லுங்க.

ஏற்கெனவே முத்தம் கொடுத்திருந்தா, குழந்தை மருத்துவர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ நீர்க்கொப்புளமோ தெரிஞ்சாலோ ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. காய்ச்சல் இல்லாமலும் இந்தத் தொற்று வரும்.