தடுமாறும் டிரைவரை ரேஸ் அணி வைத்துக்கொள்ள வேண்டுமா?

பத்துப் பந்தயமாகச் சொதப்பும் டிரைவரை ஃபார்முலா ஒன் அணி நடுவிலேயே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டீக்கடையில் பாதிப் பேர் 'தூக்கிடணும்' கட்சி. கோவை பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி' கார் ரேஸ் டிராக்கில் ரேஸ் பார்த்து வளர்ந்த கூட்டம், பொறுமை கொஞ்சம் குறைவு. நான் அந்தக் கட்சி இல்லை.

கோளாறு ஆளிடமா, காரிலா என்று முதலில் பார்க்க வேண்டும். 2024-இல் ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளிகளோடு சாம்பியன். அதே அணியின் பெரெஸ் 152 புள்ளிகளோடு எட்டாவது. இருவர் புள்ளியையும் கூட்டித்தான் அணிப் பட்டம் என்பதால் ரெட்புல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. சரி, பெரெஸை அனுப்பினார்கள். 2025-இல் அவர் இடத்துக்கு வந்த லாசனை இரண்டே பந்தயத்தில் நீக்கி, சுனோடாவை ஏற்றினார்கள். அவரும் திணறினார். மூன்று பேருமா திடீரென்று ஓட்ட மறந்துவிட்டார்கள்? முன்பக்கம் சட்டென்று திரும்பும் கார்தான் வெர்ஸ்டாப்பனுக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அதில் பின்பக்கம் நழுவும்.

காரை அவருக்கேற்றபடி மாற்றிப் பார்த்து, சீசன் முடியும்வரை பொறுப்பேன். அப்புறமும் தகுதிச் சுற்றில் (யார் எந்த இடத்திலிருந்து பந்தயத்தைத் தொடங்குவது என்று முடிவு செய்யும் சுற்று) சக டிரைவரைவிட அரை நொடி பின்தங்கினால், மாற்றட்டும்.

ரெட்புல்லில் ஓட்டிய காஸ்லியை 2019-இல் சீசன் நடுவில் அவர்களுடைய தம்பி அணிக்கு, அதாவது ரெட்புல்லே நடத்தும் இன்னொரு அணிக்குத் தள்ளினார்கள். அடுத்த வருடமே அந்த அணியின் காரில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஜெயித்தார்!