31 வாரத்தில் இடுப்பு வலி மாத்திரை: மூன்று நாள் போட்டாயிற்று, என்ன செய்வது?

31 வாரக் கர்ப்பத்தில், இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை மூன்று நாள் போட்டுவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், நாளைக்கே ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்தில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேன் பாருங்கள்.

கடையில் "பாரசிட்டமால்தான்" என்றார்கள் என்கிறீர்களே, குழப்பம் அங்கேதான் இருக்கும். அட்டையின் பின்புறம் படியுங்கள். பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது வேறு மாத்திரை. 20 வாரத்துக்கு மேல், பாரசிட்டமாலோடு சேர்ந்திருக்கும் இந்த மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. 30 வாரம் தாண்டினால், பிறந்த பிறகு மூட வேண்டிய இதய ரத்தக்குழாய் ஒன்று வயிற்றுக்குள்ளேயே மூடத் தொடங்கும் ஆபத்தும் உண்டு, அப்படி ஆனால் குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி இதயம் சிரமப்படலாம்.

பதறாதீர்கள், நிறுத்தினால் நீர் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், மலைப்பாதைதான் என்றாலும் உடனே வண்டி பிடியுங்கள்.

அப்புறம், மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் ஏதும் போட்டுவந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு காரணத்துக்கு.